நாற்பத்திரண்டு பிள்ளைகள்

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கரடி கதையில் வரும் மிருகம் இல்லை. பட்டப்பகலிலேயே தேயிலைக்குள் நடந்துபோகும். எண்ணெய் வாசனைக்குக் கோயில் விளக்கைத் தேடி வரும். அங்கன்வாடிக் கதவை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டுப் போகும். பள்ளிக்கூடம் விட்டால் கும்பலாக, சத்தமாகப் பேசிக்கொண்டே வரணும் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பைபிளின் இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் அல்ல.

கதை சின்னது. எலிசா தீர்க்கதரிசி பெத்தேலுக்குப் போகிறார். ஊர்ப் பையன்கள் அவருடைய வழுக்கையைக் கிண்டல் செய்கிறார்கள். அவர் சபிக்கிறார். காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து 42 பேரைக் கிழித்துப்போடுகின்றன. அவர் பாட்டுக்குக் கர்மேல் மலைக்குப் போய்விடுகிறார். பையன்களின் அம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் ஞாயிறு பள்ளியில், பெரியவர்களைக் கேலி செய்யக் கூடாது என்று சொல்லி, ஒரு பாட்டு பாடவைத்து அனுப்பிவிட்டார்கள்.

உரைகாரர்கள் பலர் வேறு வழியில் தப்பிக்கப் பார்த்தார்கள்: அவர்கள் குழந்தைகளே இல்லை, ஊர்சுற்றும் வாலிபக் கும்பல் என்று. 'நஅர்' என்ற எபிரேயச் சொல் அதற்கு இடம் கொடுக்கிறது. நாணல் பெட்டியில் அழும் மோசேயும் நஅர்தான், போருக்குப் போகும் இளைஞனும் நஅர்தான். ஆனால் இங்கே கூடவே 'சிறிய' என்ற அடைமொழி இருக்கிறது. அடுத்த வசனத்தில் சொல்லும் மாறி 'யெலாதீம்' ஆகிறது. குழந்தைகள். தீர்க்கதரிசியின் பெயரைக் காப்பாற்ற அவர்களுக்கு வயதைக் கூட்டுவது எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

இந்த மாதிரி இடங்களில் நின்று வாசிப்பதற்கு இப்போது ஒரு துறையே இருக்கிறது. 'சைல்டிஸ்ட்' வாசிப்பு என்கிறார்கள். பெண்ணியம் பைபிளில் பெண்களைத் தேடியது போல, இது குழந்தைகளைத் தேடுகிறது. இந்த வசனத்தில் குழந்தை எங்கே நிற்கிறது, என்ன வேலை செய்கிறது, அதன் உடம்பின் மேல் யாருக்கு அதிகாரம்? ஜூலி ஃபெய்த் பார்க்கர் 2013இல் வெளியிட்ட நூல் எலிசா கதைகளை இப்படி வரிசையாக வாசிக்கிறது. வரிசையாக வாசித்தால்தான் ஒன்று உறைக்கிறது. கரடிக் கதைக்கு இரண்டு அதிகாரம் தள்ளி ஒரு விதவை. அவளுடைய கடனுக்கு ஈடாக இரண்டு பையன்களை அடிமையாக்கக் கடன்காரன் வந்து நிற்கிறான். அதற்கடுத்த அதிகாரத்தில், போரில் பிடித்து வரப்பட்டு, சீரியத் தளபதி நாகமான் வீட்டில் வேலை செய்யும் ஒரு சிறுமி.

அம்மாயிக்கு இந்தச் சிறுமி கதை ரொம்பப் பிடிக்கும். அம்மாயி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தவர். அங்கே தோட்டங்களில் ஆண், பெண், பிள்ளை என்று மூன்று கூலி. அம்மாயி கொழுந்து பறிக்கத் தொடங்கியது பிள்ளைக் கூலிக்கு. தோட்டக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கடைசிவரை 'பிள்ளைக் காம்பரா' என்றுதான் சொன்னார். அங்கிருந்து நேராக மலைக்கு ஏறியதாகவும் நடுவில் வேறு வயசு எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை என்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நாகமானுக்குத் தொழுநோய். சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், போனால் குணமாகும் என்று எஜமானியிடம் சொன்னது அந்தச் சிறுமிதான். அவர் போனார், யோர்தானில் ஏழு முறை முங்கினார், தோல் 'சிறிய' பையனின் தோல் போல ஆனது. எபிரேயத்தில் சிறுமிக்கும் இந்தத் தோலுக்கும் ஒரே அடைமொழி. கரடி கிழித்த பையன்களுக்கும் அதே.

"அப்பறம் அந்தப் புள்ளய வீட்டுக்கு அனுப்பினாங்களா?" என்று அம்மாயி ஒருமுறை உபதேசியாரிடம் கேட்டார்.

"அதெல்லாம் எழுதலம்மா."

மற்றதெல்லாம் எழுதியிருக்கிறது. எலிசா வேண்டாம் என்ற வெகுமதியை அவருடைய வேலைக்காரன் கேயாசி பொய் சொல்லி வாங்கியது, இரண்டு தாலந்து வெள்ளி, இரண்டு மாற்று உடை, சுமந்து வந்தவர்கள் எத்தனை பேர், எல்லாம் கணக்காக. அதற்குத் தண்டனையாக நாகமானின் நோய் கேயாசிக்கு வருகிறது. அவனுக்கு மட்டும் அல்ல, அவன் சந்ததிக்கும் என்றைக்கும். இனிமேல் பிறக்கப் போகிற பிள்ளைகளுக்கு.