சும்மா இராத கை

குரங்குக் கையும் சிரங்குக் கையும் சும்மா இரா என்பது பழமொழி. ஏன் சும்மா இருப்பதில்லை என்று மட்டும் அது சொல்லவில்லை. சொறிகிறவரைப் பார்த்துச் சிரிக்கவும் அதட்டவும் நமக்கு அதுவே போதுமானதாயிற்று.

அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு என்று தமிழில் இதற்குச் சொற்கள் பல. சண்டைக்கு ஏங்குகிறவனுக்குத் தோள் தினவெடுக்கிறது; தின்பண்டத்துக்கு ஏங்கும் நாக்கு நமநமக்கிறது. இது தோலோடு நிற்கும் விஷயமன்று என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள் போலும்!

கொசு கடித்த இடம் ஊறுவது பெரும்பாலும் ஹிஸ்டமின் என்னும் ரஸாயனத்தின் வேலை. அதை அடக்க மாத்திரை உண்டு. ஆனால், நாட்பட்ட அரிப்புகளில் பல அந்த மாத்திரைக்கு மசிவதில்லை. இதன் காரணத்தை விளக்க உதவியது நமது வேலியோரப் பூனைக்காலி. அதன் சுணையிலுள்ள மியூக்குனெயின் என்னும் புரதம், ஹிஸ்டமினின் தயவின்றி வேறு வழியாக நரம்பைத் தூண்டுகிறது என்று 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். செடி நம் நாட்டிலும் உண்டு, சொறிந்துகொண்டவர்களும் நாமே, ஏன் என்று கேட்டவர்கள் மட்டும் வேறு தேசத்தார்!

தோலில் எழும் செய்தி நரம்பு வழியே முதுகுத்தண்டுக்குப் போய், அங்கிருந்து மூளையை அடைகிறது. அரிப்புச் செய்திக்கென்று முதுகுத்தண்டில் ஒரு வாயில் இருப்பது 2007-ல் எலிகளிடம் தெரிய வந்தது. அவ்வாயில் இல்லாத எலிகள் குறைவாகவே சொறிந்தன. வலியை மட்டும் வழக்கம்போல் உணர்ந்தன.

2014-ல் வெளியான செய்தி இன்னும் விந்தையானது. சொறியும்போது சிறிது வலி உண்டாகிறது. அவ்வலி அரிப்பை மறைப்பதால் சுகமாயிருக்கிறது. வலியைத் தணிக்க மூளை ஸெரடோனின் என்னும் ரஸாயனத்தை அனுப்புகிறது. அதுவோ, வந்த காரியத்தோடு நில்லாமல் அரிப்பின் வாயிலையும் அகலத் திறந்துவிடுகிறது! சொறியச் சொறிய அரிப்பு வளர்வதன் ரகசியம் இதுவே என்பது அந்த எலி ஆராய்ச்சியின் முடிவு.

நந்தனத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், சிறுநீரகம் பழுதாகி டயாலிஸிஸ் செய்துகொள்ளும் பாட்டி ஒருவர் இரவெல்லாம் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருப்பார். மேலே ஒரு தடிப்பும் கிடையாது. ஆகவே, எல்லாம் பிரமை என்று வீட்டார் தீர்மானித்திருந்தார்கள். டாக்டரோ சிறுநீரகக் கோளாறே நரம்பைக் கிளறுகிறது என்றார். வலிப்பு நோய்க்காகத் தோன்றிய காபாபென்டின் மாத்திரையைச் சிறு அளவில் கொடுத்தார். சில நாளில் பாட்டி உறங்கினார். "நான் பொய் சொல்லலைன்னு இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார். அரிப்பைவிட அந்த அவமானமே அவரை அதிகம் வருத்தியிருக்கிறது.

பள்ளிக்கூடத்திலும் இதைக் காண்கிறோம். முழங்கையைச் சொறியும் பையனுக்குப் பெஞ்சில் தாராளமாக இடம் கிடைக்கிறது! சொறி சிரங்கு சிற்றுயிரால் வருவது, தொற்றும், வீட்டார் அனைவரும் சேர்ந்து மருந்திட்டால் தீரும். கரப்பான் தொற்றுவதே இல்லை. எது எதுவென்று டாக்டர் சொல்ல வேண்டுமேயன்றிப் பக்கத்துப் பையன் அல்ல.

ஆறு வாரத்துக்கு மேல் அரிப்பு நீடித்தால் தோலோடு ரத்தம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்வது நலம். அதுவரை நகத்தை ஒட்ட வெட்டலாம். தோலை உலர விடாமல் காக்கலாம். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணி போடலாம். அதட்டலை மட்டும் விட்டுவிடலாம். கைதான் அதற்குப் பயப்படும். நரம்புக்குக் காது இல்லை.