ஒரு முழம் ரப்பர்

பூவை முழம் போட்டு விற்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மோட்டார் காருக்கும் முழக் கணக்கில் வாங்க வேண்டிய ஒரு சரக்கு உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லை. சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவுதான் சொல்லிக் கொடுத்தது.

முன்கண்ணாடியில் தண்ணீரைத் துடைக்கும் வைப்பரைத்தான் சொல்கிறேன். "அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அதைக் கண்டுபிடித்தவளே ஒரு பெண்தான். அவள் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுபவள் நான். என் கணவருக்கு லைசென்ஸ் உண்டு. யானைக்கவுனியில் காரை எடுக்கும் தைரியம்தான் கிடையாது. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் சௌகார்பேட்டை, மறு பக்கம் ரயில் தண்டவாளம், நடுவே வால்டாக்ஸ் ரோடு. அதில் பார்சல் லாரி, கைவண்டி, மீன்பாடி வண்டி, ஆட்டோ, இத்தனைக்கும் இடையில் அசை போட்டபடி நிற்கும் மாடு! ஆனால் ஓட்டுவதுதான் என் வேலை. காருக்குச் செலவு செய்வது அவர் இலாகா. வைப்பரை மாற்ற வேண்டும் என்று சித்திரை மாதமே சொன்னேன்.

"வருஷத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கிற சாமான் அது. அதற்கு எப்படித் தேய்மானம் வரும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசியில் ராயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. திரும்பும்போது இரவு பத்து மணி. பழைய ஜெயில் ரோட்டில் வரும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வைப்பரைப் போட்டேன். அது தண்ணீரைத் துடைக்கவில்லை. கண்ணாடி முழுவதும் பூசிவிட்டது! எதிரே துறைமுகத்துக் கன்டெய்னர் லாரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வந்ததும், என் முன்னே ஒரு வெள்ளைத் திரை விழுந்ததுபோல் ஆயிற்று. சாலையும் தெரியவில்லை, ஓரமும் தெரியவில்லை. மெதுவாகவே வந்து வால்டாக்ஸ் ரோட்டில் திரும்பினேன். வீடு கிட்டத்தில்தானே என்ற எண்ணம்.

"நிறுத்து! நிறுத்து!" என்று பின் ஸீட்டிலிருந்து என் மாமியார் அலறினார்.

பிரேக்கை அழுத்தினேன். கார் நின்ற பிறகுதான் பார்த்தேன். இரண்டு முழம் தள்ளி ஒரு மீன்பாடி வண்டி. விளக்கு இல்லை. மூட்டைகளின்மேல், கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பத்து வயசுப் பையன் ஒருவன் குந்தியிருந்தான். இடப் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சாண் இடம் மட்டும் தெளிவாக இருந்ததாம். அதன் வழியே அத்தை பார்த்திருக்கிறார். என் கணவர் கண்ணயர்ந்திருந்தார். வண்டிக்காரர் மிதித்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பையன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து வெகு நேரம் வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் பெரியவரிடம் போனேன். அவர் ரப்பரை நகத்தால் மடக்கிக் காட்டினார். பொடிப் பொடியாக வெடிப்பு.

"ஏம்மா, இது மழைல தேஞ்சுதுன்னா நெனச்சிக்கினு இருக்கே? வெயில்ல செத்துப்போச்சும்மா!" என்றார்.

என் கணவரின் கேள்விக்குப் பதில் அதுதான். பத்து மாதம் சும்மா கிடந்ததுதான் குற்றம். உங்கள் பிரஷர் குக்கரின் காஸ்கெட்டை நினைத்துப் பாருங்கள். நாளானால் விறைத்துப் போய் ஆவியை விட்டுவிடுகிறது அல்லவா? வைப்பர் ரப்பருக்கும் அதே கதி. அதன் ஓரம் மெல்லிய உதடு மாதிரி. கை வலப்பக்கம் போனால் உதடு இடப்பக்கம் சாய வேண்டும். திரும்பும்போது மறுபக்கம் மடங்க வேண்டும். அப்படிச் சாய்ந்து போனால்தான் தண்ணீர் வழித்துக்கொண்டு போகும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை விறைக்க வைத்துவிட்டால் உதடு மடங்காது, துள்ளும், பூசும்.

நோய்க்குறிகளைப் பெரியவர் சொன்னபடி சொல்கிறேன். மெல்லிய கோடு கோடாகத் தண்ணீர் நின்றால், ரப்பரில் வெட்டு விழுந்திருக்கும், அல்லது மண் ஒட்டியிருக்கும். "டட டட" என்று துள்ளினால், ரப்பர் விறைத்திருக்கும், அல்லது கை வளைந்திருக்கும். ஒரே இடத்தைத் துடைக்காமல் விட்டால், சட்டமோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கும். மங்கலாகப் பூசினால், புது ரப்பர் வாங்குமுன் கண்ணாடியைக் கழுவிப் பாருங்கள். எங்கள் வடசென்னையில் லாரிப் புகையும் கடல் உப்பும் புழுதியும் சேர்ந்து கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் படியும். அதன்மேல் எந்த ரப்பரும் வழுக்கத்தான் செய்யும்.

பராமரிப்பு வெகு சுலபம். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் ரப்பரின் ஓரத்தைக் கறுப்பு வராத வரை துடையுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள்; புழுதி அரக்காகி ரப்பரையும் கண்ணாடியையும் அராவிவிடும். முதலில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். அந்தத் தண்ணீர்த் தொட்டியில் துணிக்குப் போடும் சோப்புத் தூளைக் கரைத்து ஊற்றாதீர்கள்; நுரையும் கறையும்தான் மிஞ்சும். காரை நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லையென்றால் முன்கண்ணாடியின்மேல் ஒரு விரிப்பாவது போடுங்கள்.

புதிது வாங்கும்போது அளவு முக்கியம். அங்குலக் கணக்கு. வலதும் இடதும் பல கார்களில் வேறு வேறு அளவு. காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்; ஒன்றோடொன்று மோதும். கொக்கியும் பொருந்த வேண்டும். சாதாரண ரப்பர் போதும். சிலிக்கோன் கூடுதல் நாள் உழைக்கும், விலையும் கூடுதல். கடை வாசலில் வெயிலில் தொங்கும் பழைய சரக்கு வேண்டாம்; ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, மெத்தென்று இருந்தால் வாங்குங்கள். மாட்டும்போது கண்ணாடியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் இரும்புக் கை நழுவிப் பட்டென்று விழுந்தால் கண்ணாடி விரிசல் கண்டுவிடும்.

சரி, அந்தப் பெண்ணின் கதை. பெயர் மேரி ஆண்டர்ஸன், அமெரிக்காவின் அலபாமாக்காரி. ஒரு குளிர் காலத்தில் நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனபோது, உறைபனி மூடிய கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல், டிரைவர் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரில் விறைப்பதைப் பார்த்தாள். உள்ளிருந்து கையால் இழுத்தால் வெளியே ரப்பர் துடைக்கும்படி ஒரு கருவி செய்தாள். 1903 நவம்பர் 10-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1905-ல் ஒரு கனடா கம்பெனிக்கு விற்க முயன்றபோது, வியாபார மதிப்பு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். 1920-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. அதன் பிறகு கார்களிலெல்லாம் வைப்பர் வந்தது. அவளுக்குக் காலணாவும் வரவில்லை. 1953-ல் காலமானாள். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் கௌரவப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது 2011-ல்!

காலம் கடந்து மதிப்பது அமெரிக்காவில் மட்டுமா? 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப் படை சென்னையின் வாசல் வரை வந்து போன பிறகுதான் கும்பினியார் ஊரைச் சுற்றி மதில் கட்டி முடித்தார்கள். அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் எங்கள் யானைக்கவுனி. மதிலுக்கு என்று போட நினைத்த வரி வசூலாகவில்லை. வால்டாக்ஸ் என்ற பெயர்தான் நின்றது. எதிரி வந்து போனபின் மதில் கட்டுவது எங்கள் பேட்டையின் பழைய வழக்கம் போலும்! நானும் அப்படித்தான் செய்தேன். நீங்கள் செய்ய வேண்டாம். நம் ஊர்ப் பெருமழை அக்டோபரில் தொடங்குகிறது. குடையைத் தட்டிப் பார்க்கும் புரட்டாசிக் கடைசியிலேயே, வருஷம் ஒருமுறை, ரப்பரை மாற்றிவிடுங்கள். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் போன்ற மழைக்கு எந்த வைப்பரும் ஈடு கொடுக்காது. அப்போது ஓரமாக நிறுத்திவிடுவதுதான் புத்தி.

இந்தப் புரட்டாசியில் என் கணவர் இரண்டு பொட்டலங்களோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றில் பூக்கடையில் வாங்கிய மல்லிகை, ஒரு முழம். மற்றொன்றில் வைப்பர் ரப்பர்.

நான் பூவுக்குக் கை நீட்டினேன். ஊஞ்சலில் இருந்தபடியே அத்தை சொன்னார்:

"பூவைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அதைப் போய் மாட்டு!"