பாலே வினையான கதை

தெனாலிராமன் வளர்த்த பூனை பாலைக் கண்டதும் ஓட்டம் பிடித்த கதையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் உண்டா? என் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது எத்தனையோ தடவை நானே சொல்லியிருக்கிறேன். சென்ற ஐப்பசிக்குப் பிறகு அந்தக் கதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நாங்கள் இருப்பது ஒரகடத்துக்குப் பக்கத்தில். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இடம். இன்று சாலையின் இரு பக்கமும் கார்த் தொழிற்சாலைகள், வரிசையாக லாரிகள், கம்பெனி பஸ்கள். என் மகன் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அடைமழை நாளில் ஒரு விடியற்காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் சாப்பாட்டுப் பையைத் திறந்தான். உள்ளே, நனைந்த பஞ்சு உருண்டை மாதிரி ஒரு பூனைக்குட்டி! நின்றிருந்த லாரிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்ததாம்.

"நாலு நாள் வெச்சிருந்து யாருக்காவது குடுத்துடலாம்மா" என்றான்.

என் மாமியார், "வாயில்லா ஜீவன், பசியோட வந்திருக்கு. முதல்ல பாலை ஊத்தும்மா" என்றார். நான் என் பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய சங்கைப் பரணிலிருந்து தேடி எடுத்து, பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி ஊற்றினேன். குட்டி மடக் மடக்கென்று குடித்தது. சிட்டு என்று பேர் வைத்தோம்.

மறுநாளே வயிற்றால் போக ஆரம்பித்தது. 'பால் கெட்டியாக இருக்கிறதோ' என்று தண்ணீர் கலந்தேன். நிற்கவில்லை. தயிர் சாதம் பிசைந்து வைத்தேன். நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓமத் தண்ணீர் சொன்னார், அதையும் கொடுத்தேன். உடம்பு சுடுகிற மாதிரி இருக்கவே, பேரனுக்கு வாங்கி வைத்திருந்த பாராசிட்டமால் சிரப்பைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். "குழந்தை மருந்து குழந்தைக்கு. பூனைக்கு என்ன அளவுன்னு உனக்குத் தெரியுமா?" என்று மாமியார் தடுத்தார். அந்த ஒரு வார்த்தைதான் அதன் உயிரைக் காப்பாற்றியது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அருகிலிருந்த கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். பூச்சி மருந்து கொடுத்தார்கள். மறுநாள் சேமியா மாதிரி புழுக்கள் விழுந்தன. நாலு நாள் வயிறு நன்றாக இருந்தது. 'அப்பாடா, தேறிவிட்டது' என்று சந்தோஷப்பட்டு நான் செய்த காரியம் என்ன தெரியுமா? கிண்ணம் நிறையப் பால் ஊற்றி வைத்ததுதான்!

மறுபடி பேதி. இந்தத் தடவை சளியும் ரத்தத் துளியும் சேர்ந்து வந்தது. கிண்ணத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையில் எடுத்தால் இறகு மாதிரி கனமே இல்லை. மகன் டியூட்டியில் இருந்தான். என்னவரும் ஊரில் இல்லை. கூடையில் பழைய துண்டை விரித்துச் சிட்டுவைப் படுக்கவைத்து, இரண்டு பஸ் மாறி, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. 1989 முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நாயும் பூனையும் கிளியுமாக ஒரே கூட்டம். நம் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரியேதான் இருந்தது.

டாக்டரம்மா சிட்டுவின் முதுகுத் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிவிட்டார். உடனே படியவில்லை, மடிந்தபடியே நின்றது. "பாருங்க, உடம்பில தண்ணியே இல்ல" என்று சொல்லித் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். "என்ன சாப்பாடு?" என்று கேட்டார். "நல்ல பசும்பால்தான் டாக்டர், தண்ணீர்கூடக் கலப்பதில்லை" என்றேன் பெருமையாக. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தாய்ப்பூனையின் பால் வேறு, பசும்பால் வேறாம். பாலிலிருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் சக்தி, குட்டி பால்குடி மறக்க மறக்கக் குறைந்துகொண்டே வருமாம். செரிக்காத சர்க்கரை குடலிலே தங்கி, தண்ணீரை இழுத்து, புளித்துப் பேதியாகிவிடுகிறது. நான் பாசத்தோடு ஊற்றிய ஒவ்வொரு கிண்ணமும் அதன் வயிற்றைக் கலக்கியிருக்கிறது!

அதோடு முடியவில்லை. நான் சின்ன டப்பாவில் கொண்டுபோயிருந்த மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, காக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருக்கிறது என்றார்கள். பூச்சி மருந்துக்கு அது சாகாது. அதற்குத் தனி மருந்து வேண்டும். ஆக, பால் ஒன்று, புழு ஒன்று, காக்சிடியா ஒன்று. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று விடவில்லை. "மலத்தைப் பார்க்காம மருந்து குடுக்கறது கண்ணைக் கட்டிக்கிட்டுக் கல்லெறியற மாதிரிம்மா" என்றார் டாக்டர்.

பாராசிட்டமால் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லையாம். கொஞ்சம் உள்ளே போனாலும் ரத்தம் கெட்டு உயிர் போய்விடும் என்றார்.

அடுத்து வந்தது பெரிய சோதனை. வேகவைத்த கோழிக்கறி, எலும்பில்லாமல், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுக்க வேண்டும். பிறகு குட்டிகளுக்கான பூனைத் தீனி. எங்கள் வீட்டிலோ முட்டைகூட நுழையாது! "தயிர் சாதத்திலேயே வளர்க்க முடியாதா?" என்று கேட்டேன். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் பழுதாகும் என்றார்.

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி மாமியாரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பகவான் அதுக்கு அப்படி வயிறு வெச்சிருக்கான். நம்ம ஆசாரத்தை அது மேல திணிக்கலாமா? பின்கட்டுல தனி அடுப்பு, தனிச் சட்டி வெச்சுக்கோ" என்றார். பக்கத்து வீட்டு அக்கா கறி வேகவைக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வேகவைத்தேன். சிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து தின்றதைப் பார்த்ததும் மூக்கிலிருந்து கை தானாக இறங்கிவிட்டது. பத்தாம் நாள் மலம் கட்டியாகிவிட்டது. இதற்கெல்லாம் ஒரு சந்தோஷமா என்று கேட்காதீர்கள். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்!

சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குட்டி கண் திறக்காத பச்சைக் குட்டியாக இருந்தால், பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுங்கள். தானே தின்கிற வயதானால் பால் வேண்டாம், சுத்தமான தண்ணீர் போதும். பேதி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும், ரத்தமோ வாந்தியோ வந்தாலும், தீனியை மறுத்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். புதிதாகப் போன மலத்தைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள். பூனையின் மலத் தட்டைத் தினமும் கொட்டிக் கழுவி, கொதிக்கும் நீர் ஊற்றுங்கள். அந்த வேலையைக் கர்ப்பிணிகள் செய்யவே கூடாது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கலாம். பூனையின் புழு குழந்தைகளுக்கும் தொற்றும் என்பதால், அதைத் தொட்டு விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் பழக்குங்கள். குட்டி தேறியதும் தடுப்பூசிகளை மறக்க வேண்டாம்.

நாலு நாளில் போவதாக வந்த சிட்டு இப்போது மாமியாரின் மடியை விட்டு இறங்குவதில்லை. தெனாலிராமன் வீட்டில் பாலைக் கண்டு பூனை ஓடியது. எங்கள் வீட்டில் சிட்டு பால் பாத்திரத்தை மோப்பம் பிடித்து வருகிறது, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நான்தான்!