ஏற்காடு காபி... பேரு யாருது?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிச்சதும் நாக்கு காபி கேட்டது. ஏரிக்கரைக் கடையில் ஒரு டம்ளர் வாங்கினேன். பக்கத்தில் 'ஏற்காடு காபித்தூள்' பாக்கெட்.

"அண்ணே, இங்க விளைஞ்சதா?"

"இங்க விக்கிறது தம்பி!"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த சேர்வராயன் மலையாச்சே இது! கூர்க், சிக்மகளூர், அரக்கு காபிகளுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு. கீழே சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல். அந்த முத்திரை இருந்தால், வெளியூர்க் கொட்டையை ஊர்ப் பேரில் விற்பவர் மேல் கேஸ் போடலாம்; பேருக்கான கூடுதல் காசு விளைவித்தவர் கைக்குப் போக வழி உண்டு. பதிவு ஆபீஸ்? நம்ம கிண்டியில்தான்!

"காபி எப்படி தம்பி?"

"பிரமாதம்ண்ணே! எந்த ஊருன்னுதான் தெரியல!"