நூறு வார்டும் ஒரு நாற்காலியும்

துடியலூரிலோ சரவணம்பட்டியிலோ பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பெரியவரிடம் "எங்கீங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "கோயமுத்தூர் வரைக்கும் போயிட்டு வர்றனுங்க" என்பார். சட்டப்படி அவர் நிற்கிற இடமே கோயமுத்தூர்தான்! 2011-லேயே அந்த ஊர்கள் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. பேச்சில்தான் இன்னும் சேரவில்லை.

பேச்சில் சேராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. குழாயிலும் சாக்கடையிலும் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேயர். ஊர்களை இணைப்பது பற்றி எப்போதும் பொதுமக்கள் பக்கமிருந்தே பேசப்படுகிறது. ஒரு மாறுதலுக்கு மேயர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது எப்படித் தெரியும்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கோவை 1866-ல் நகராட்சி ஆனது, 1981-ல் மாநகராட்சி ஆனது. 2011 வரை 72 வார்டுகள், ஏறக்குறைய 105 சதுர கிலோமீட்டர் பரப்பு. அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலோடு குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் என மூன்று நகராட்சிகள் உள்ளே வந்தன. வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், வெள்ளக்கிணறு, சின்னவேடம்பட்டி, சரவணம்பட்டி, காளப்பட்டி என ஏழு பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் கூடவே வந்தன. பரப்பு 257 சதுர கிலோமீட்டர் ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் பத்தரை லட்சம் பேர். புது எல்லைக்குள் சுமார் 16 லட்சம் பேர்.

வார்டுகள் 100 ஆயின. இங்கேதான் முதல் சிக்கல். பழைய நகரத்தின் 72 வார்டுகளை 60 ஆகச் சுருக்கிவிட்டு, மீதி 40-ஐ புதுப் பகுதிகளுக்குக் கொடுத்தார்கள். பழைய நகரத்துக்காரருக்கு பன்னிரண்டு கவுன்சிலர்கள் போய்விட்டார்கள் என்ற குறை. புதிதாக வந்தவர்களுக்கோ பதினோரு தலைவர் நாற்காலிகள் போய்விட்டன என்ற குறை. டவுன்ஹால் விக்டோரியா ஹாலில் கூட்டம் நடத்தும் மேயருக்கு முன்னால் இரண்டு குறையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். கோவைக்காரருக்குச் சிறுவாணி என்றால் தனிப் பெருமைதான். ஆனால் புது மாநகராட்சி முழுவதும் சிறுவாணி ஓடவில்லை. ஒரு பகுதிக்குச் சிறுவாணி, இன்னொரு பகுதிக்குப் பவானி ஆற்றின் பில்லூர் தண்ணீர், குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் ஆழியாறு. ஒவ்வொரு ஊரும் தனியாக இருந்த காலத்தில் தனித்தனியாகப் போட்ட திட்டங்கள் இவை. பதினோரு வீடுகளை ஒரே கூட்டுக்குடும்பம் என்று அறிவித்தாகிவிட்டது. அடுப்பு மட்டும் அவரவர் வீட்டிலேயே எரிகிறது. குடும்பத் தலைவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்துக்கு 26 ஆண்டு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. அதன் எல்லை எது தெரியுமா? பழைய நகரத்தின் 60 வார்டுகள். காகிதத்தில் எல்லைக்கோட்டை அழித்து ஏழு வருஷம் கழித்து, பூமிக்கடியில் போடும் பைப் அதே கோட்டை மறுபடி வரைந்தது. புதுப் பகுதிகளுக்கு வேறு திட்டங்கள் இருந்தன, உண்மைதான். ஆனால் குறிச்சிக்காரரிடம் அதைச் சொல்லி சமாதானப்படுத்த ஒருவர் வேண்டுமே? 2018-ல் கோவைக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. 2016 அக்டோபரில் கவுன்சிலின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்தரை வருஷம் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள்.

சரி, மேயர் இருந்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் துணைத்தலைவரோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போடலாம். விளாங்குறிச்சியில் தலைவராக இருந்தவருக்கு இருந்த அந்த அதிகாரம், 16 லட்சம் பேருக்கு மேயரானவருக்குக் கிடையாது. நிர்வாக அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையாளரிடம். மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், தீர்மானம் நிறைவேற்றலாம், கேள்வி கேட்கலாம், சென்னைக்குப் போய்ப் பணம் கேட்கலாம். திட்டுகளை மட்டும் முழுசாக அவரே வாங்கிக்கொள்ளலாம்!

காலமாவது கிடைத்ததா? விரிந்த மாநகராட்சியின் முதல் மேயர் செ.ம. வேலுசாமி 2011-ல் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2014-ல் பதவி விலகினார். இடைத்தேர்தலில் வந்த கணபதி ராஜ்குமாருக்கு 2016 வரை இரண்டு வருஷம். பிறகு அந்த நீண்ட இடைவெளி. 2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த கல்பனா ஆனந்தகுமார், நகரத்தின் முதல் பெண் மேயர், 2024 ஜூலையில் விலகினார். அடுத்த மாதம் ரங்கநாயகி வந்தார். நூறு வார்டு மாநகராட்சியில் முதல் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் ஒரு மேயரும் முழு ஐந்தாண்டு உட்காரவில்லை. பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றே அதைவிட அதிக காலம் எடுக்கும்.

இதில் மேயர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. இணைப்பை முடிவு செய்வது மாநில அரசு. அதே 2011-ல் சென்னையும் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஈரோடும் திருப்பூரும் பக்கத்து நகராட்சிகளை எடுத்துக்கொண்டன. அரசாணை ஒரு நாளில் வந்துவிடும். குழாய் வர பதினைந்து வருஷம் ஆகலாம். வரி ரசீது மட்டும் இரண்டுக்கும் நடுவில் சரியாக வந்து சேரும்.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் மதுக்கரை, இருகூர், பேரூர், வெள்ளலூர் முதலிய ஊர்களையும் சில ஊராட்சிகளையும் கோவையோடு சேர்க்க அரசு முன்மொழிந்தது. ஊராட்சிகளில் உடனே எதிர்ப்பு. வரி ஏறும், கிராமப்புற வேலை உறுதித் திட்டம் போகும், கிராமசபை போகும் என்ற பயம். பயத்தில் தப்பில்லை. கிராமப்புறத் திட்டம் நகரத்துக்குப் பொருந்தாது. கிராமசபைக்குப் பதில் நகரத்தில் 2022-ல் தொடங்கிய பகுதி சபை இருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்து எந்த ஊரைச் சேர்ப்பதானாலும், எந்த வார்டுக்கு எந்த வருஷம் தண்ணீர், எப்போது சாக்கடை, எவ்வளவு வரி என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? மக்களுக்கு அது வாக்குறுதி. மேயருக்கோ கையில் ஒரு ஆயுதம். ஆணையாளரிடமும் அரசிடமும் அதைக் காட்டித்தான் அவர் கேட்க முடியும்.

துடியலூர்ப் பெரியவர் "காந்திபுரம் போறனுங்க" என்று எப்போது சொல்ல ஆரம்பிக்கிறாரோ, அன்றைக்குத்தான் இணைப்பு முடிந்தது என்று அர்த்தம். அந்த நாளில் நாற்காலியில் யார் இருந்தாலும் சரி, அவர் கொடுத்துவைத்தவர்தான்.