பதிவேட்டில் எஞ்சி நிற்பது



டெக்சாஸில் வாழும் நம் சபையாரில் சிலர், வேக வரம்பை மீறியதற்கான டிக்கெட்டோடு என்னிடம் வருவதுண்டு. ஜெபிக்கச் சொல்லப்போகிறார்கள் என்று நான் எண்ணுவேன்; அவர்கள் கேட்பதோ வேறு. "பாஸ்டர், டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பை முடித்தால் எல்லாம் அழிந்துவிடுமா?"

அழிந்துவிடுமா என்பதற்கு இத்தேசத்தில் மாநிலத்திற்கு ஒரு பதில் உண்டு. கலிபோர்னியாவில் வகுப்பை முடித்தாலும் குற்றத்தீர்ப்பு நீங்குவதில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் கண்ணுக்கு அது மறைக்கப்படுகிறது, அவ்வளவே. நியூயார்க்கிலோ புள்ளிகள் பதிவேட்டில் அப்படியே நிற்கும். உரிமத்தை நிறுத்திவைப்பதற்காகக் கணக்கிடும்போது மட்டும் 4 புள்ளிகள் வரை குறைத்து எண்ணுவார்கள். காப்பீட்டுக் கட்டணமும் 3 ஆண்டுகளுக்கு 10 சதவீதம் குறையும். ஒன்று மறைக்கிறது, மற்றொன்று எண்ணாமல் விடுகிறது.

நம் டெக்சாஸ் இவ்விரண்டையும் கடந்து, வழக்கையே தள்ளுபடி செய்கிறது. ஆயினும் அதற்கொரு வழிமுறை உண்டு. டிக்கெட்டில் குறித்த நாளுக்குள் நீதிமன்றத்தை அணுக வேண்டும். "நான் குற்றவாளி அல்ல" என்று வாதாடுகிறவருக்கு இந்த வாசல் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது எதிர்த்து வாதாடவில்லை என்றாவது சொல்ல வேண்டும். காப்பீட்டுச் சான்றைக் காட்டி, நீதிமன்றச் செலவைக் கட்டினால், நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்து 90 நாள் அவகாசம் தருவார். அதற்குள் 6 மணி நேர வகுப்பை முடித்து, சான்றிதழையும் ஓட்டுநர் பதிவேட்டின் நகலையும் ஒப்படைக்க வேண்டும். முந்தைய 12 மாதங்களுக்குள் இதே சலுகையைப் பெற்றவருக்கும், வரம்புக்கு மேல் 25 மைலோ அதற்கு மிகுதியாகவோ வேகம் சென்றவருக்கும் இது கிட்டாது. (90 நாளைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்போது மேய்ப்பனால் செய்யக்கூடியது மிகவும் கொஞ்சமே!)

எல்லாம் நிறைவேறினால் அந்தக் குற்றச்சாட்டு பதிவேட்டில் ஏறுவதில்லை. அதைக் காட்டிக் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தவும் கூடாது. ஏறுவது ஒன்றுதான்: இவர் இன்ன நாளில் வகுப்பை முடித்தார் என்னும் குறிப்பு. குற்றம் இல்லை, கற்றுக்கொண்டது மட்டும் நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் இத்தனை அழகான ஏற்பாட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

இதைக் கேட்டவுடன் கொலோசெயர் நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் உங்கள் நினைவுக்கு வரலாம். நமக்கு எதிராக நின்ற கையெழுத்தைப் பற்றிப் பவுல் அங்கே பேசுகிறார். ஆனால் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க வேண்டாம். 6 மணி நேரம் அமர்ந்திருந்து கட்டணம் செலுத்திப் பெறுவது கிருபை அன்று. சிலுவையில் செலுத்தியவர் வேறொருவர். நாம் சான்றிதழ் எதையும் நீட்டவில்லை.

ஒப்புமை எனக்கு முறிந்துபோன இடம் இன்னொன்று உண்டு. நம் சபையில் சரக்கு லாரி ஓட்டும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். விடுமுறை நாளில், குடும்பத்தோடு சொந்தக் காரில் சென்றபோது அவருக்கு டிக்கெட் கிடைத்தது. அதே வாரத்தில் டிக்கெட் பெற்ற ஒரு கல்லூரி மாணவிக்கு வழக்கு தள்ளுபடியாயிற்று. இவருக்கோ அந்த வகுப்பு மறுக்கப்பட்டது. வணிக வாகன உரிமம் வைத்திருப்பவரின் குற்றத்தீர்ப்பை எந்த மாநிலமும் மறைக்கவோ ஒத்திவைக்கவோ கூடாது என்பது மத்திய அரசின் விதி. அவர் சொந்தக் காரை ஓட்டியிருந்தாலும் அது பொருந்தும். மேலும், தீர்ப்பான 30 நாட்களுக்குள் அவரே தம் முதலாளிக்கு அதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

"எனக்கு மட்டும் ஏன் பாஸ்டர் வாசல் அடைபட்டிருக்கிறது?" என்று கேட்டார். மிகுதியாய் ஒப்புவிக்கப்பட்ட ஊழியக்காரனைப் பற்றி ஆண்டவர் லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் சொன்னதை நான் எடுத்துக் காட்டியிருக்கலாம். பல டன் எடையை நெடுஞ்சாலையில் செலுத்துகிறவரிடம் சட்டம் மிகுதியாய்க் கேட்பது நியாயமே என்பது என் எண்ணம். ஆனால் மூன்று பிள்ளைகளின் தகப்பன் தம் வேலையை எண்ணிக் கலங்கி நிற்கும் நேரத்தில், அந்த வசனத்தை அவர்மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரோடு அமர்ந்து, முதலாளிக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுத உதவினேன். நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் நாலே வரிகளில் எழுதினார்.

பதில் இன்னும் வரவில்லை. இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.