ஜெனரேட்டர் வாங்கினேன்

2001-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி வட இந்திய மின்தொகுப்பு நிலைகுலைந்து, தில்லியும் அதைச் சூழ்ந்த மாநிலங்களும் பல மணி நேரம் மின்சாரமின்றிக் கிடந்தன. அன்று எங்கள் மயூர் விஹார் வீட்டில், எழுபது வயது கடந்த என் தாயார் இருட்டில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியாதது தெய்வச் செயல். இனி இவ்வீடு இருளில் கிடக்கலாகாது என்று அன்றே சங்கற்பம் செய்துகொண்டேன்.

சங்கற்பம் பெரிது; கையிலிருந்த பணமோ சிறிது. ஆகவே பழைய ஜெனரேட்டர் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை அது. கயிற்றை இழுத்தால்தான் உயிர் பெறும்; குளிர்காலத்தில் பத்துத் தடவையாவது இழுக்க வேண்டும். திறன் 800 வாட். விளக்குகளும் மூன்று மின்விசிறிகளும் தாராளமாக ஓடின. கோயம்புத்தூரிலிருந்து ரயிலேற்றிக் கொணர்ந்த பெரிய கிரைண்டரை மட்டும் அது ஏற்க மறுத்தது. மோட்டார் ஓடும்போது வேண்டுவதைவிடப் பன்மடங்கு மின்சாரத்தைப் புறப்படும்போது கேட்கும் என்பதை நான் அறியேன். என் மனைவி உளுந்தைப் போட்டு விசையைத் தட்டினாள்; ஜெனரேட்டர் ஒருமுறை முனகிவிட்டு ஓய்ந்தது. மறுநாள் காலை உப்புமாதான்.

அதைப் பால்கனியில் வைத்திருந்தேன். தில்லியில் பலரும் செய்வதுபோல் எங்கள் பால்கனிக்கும் கண்ணாடி அடைத்திருந்தோம். 2002 ஜனவரியில், மூடுபனி கவிந்த ஓர் இரவு மின்சாரம் நின்றது. குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிகளைச் சாத்திவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினேன். கம்பி உள்ளே வரவேண்டியிருந்ததால் பால்கனிக் கதவு முழுவதும் மூடவில்லை.

“தலை பாரமாயிருக்கிறதடா, குமட்டுகிறது” என்றார் தாயார். பகலில் உண்ட வாழைக்காயின் மேல் பழியைப் போட்டு ஓமநீர் கொடுத்தோம். சற்றைக்கெல்லாம், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகளும் அதையே சொல்லி மேஜைமேல் தலை சாய்ந்தாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என் தலையும் சுழன்றதே காரணம் போலும்.

கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுப் பஞ்சாபியர், இயந்திரத்தின் ஓசைக்காக நான்காம் முறையாகச் சண்டையிட வந்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே புகுந்து இயந்திரத்தை நிறுத்தி, சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தம் காரிலேயே கொண்டு சேர்த்தவரும் அவரே.

அங்கே இருவருக்கும் பிராணவாயு செலுத்தினார்கள். கார்பன் மோனாக்சைடு என்னும் அவ்வாயு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுவது. “இனிமேல் கண்ணாடியைத் திறந்து வைத்தால் போதுமா?” என்று கேட்டேன். “போதாது. வீட்டுக்கு வெளியே, சன்னலுக்கும் வாயிலுக்கும் 20 அடியாவது தள்ளி வையுங்கள்” என்றார் மருத்துவர்.

மாடி வீட்டுக்காரனுக்கு ஏது வெளியிடம்? கீழ் வீட்டுத் தோட்டத்தின் கோடியில் மூலை ஒன்றை அவரே காட்டினார். ஓசை குறையவில்லை, சண்டை நின்றது. பதிலுக்கு அவர் வீட்டுக்கும் ஒரு விளக்கு, ஒரு விசிறிக்குக் கம்பி இழுத்தோம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் மின்தொகுப்பு மீண்டும் சரிந்தபோது என் தோள்வலியை முன்னிட்டுக் கயிற்றை இழுத்தவர் அவர்தாம்.